கிடாருக்கு ஜிக்: எதற்குச் செய்வது, எதைக் கைக்கே விட்டுவிடுவது

3 ஜூன் 2023

வந்த கேள்வி இது: "முதல் அக்கூஸ்டிக் கிடார் செய்யப் போகிறேன். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு புது ஜிக் காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் செய்து முடித்தால் மரம் வாங்கக் காசு மிஞ்சாது. ஒரே ஒரு கிடாருக்கு ஜிக் தேவைதானா?"

தேவை. ஜிக் என்றால் வெட்டும் அளவும் பிசகாமல் பிடித்துக் கொடுக்கும் துணைச் சாதனம். ஆனால் வீடியோவில் வரும் ஜிக்கில் பாதி, வருஷம் முழுக்க கிடார் செய்து விற்பவர்களுக்கானது. அவர்களுக்கு அது நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஒரு கிடார் செய்பவருக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை. எந்த வெட்டு ஒரு முறை விழுந்தால் திருத்த முடியாதோ, எந்த அளவு பிசகினால் காதுக்குக் கேட்குமோ, அங்கே மட்டும் ஜிக் வேண்டும். மற்றதெல்லாம் இழைப்புளி, அரம், உப்புத்தாள் என்று கையோடு போகட்டும்.

கணக்காகச் சொன்னால், 650 மி.மீ. ஸ்கேலில் (கம்பி அதிரும் முழு நீளம்) 12ஆவது ஃப்ரெட் (விரல் அழுத்தும் பலகையில் பதித்த குறுக்குக் கம்பி) அரை மி.மீ. தள்ளிப் போனால் சுரம் சுமார் 2.7 சென்ட் விலகும் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). அதே அரை மி.மீ. 20ஆவது ஃப்ரெட்டில் விழுந்தால் 4 சென்ட்டைத் தாண்டிவிடும். ஆனால் பாடியின் இடுப்பு 2 மி.மீ. அகலமாகப் போனால்? எவருக்கும் தெரியாது, உங்களுக்கும் ஒரு வாரத்தில் மறந்துவிடும். அதனால் முதல் கிடாருக்கு மூன்று போதும் என்பேன்: ஃப்ரெட் பள்ளம் அறுக்கும் பெட்டி, சாடில் (பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் சின்னப் பட்டை) பள்ளத்துக்கு ஒரு வழிகாட்டி, சைடுகளை (பக்கப் பலகைகளை) வளைத்து வைக்கும் மோல்டு.

4 ஜூன் 2023

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். எந்த ஜிக் செய்தாலும் முதலில் நடுக்கோடு.

பாடிக்கு முழு டெம்ப்ளேட் வரையாதீர்கள். பாதி மட்டும் வரைந்து வெட்டி, ஓரத்தை நன்றாக இழைத்து, நடுக்கோட்டின் மேல் வைத்து ஒரு பக்கம் வரைந்ததும் அப்படியே புரட்டிப் போட்டு மறுபக்கம் வரையுங்கள். இரண்டு பக்கமும் தானாகவே ஒத்துப் போகும். நடுக்கோட்டின் மேல் விழும்படி இரண்டு துளை போட்டு ஆணி இறுக்கி வைத்தால் புரட்டும்போது நகராது.

நான் வார்ப்பட பேட்டர்ன் பட்டறையில் வேலை கற்றவன். கோயம்புத்தூரில் பம்ப் பாடி, மோட்டார் பாடி எல்லாவற்றுக்கும் மரத்தில் பேட்டர்ன் செய்த காலம். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அதற்கென்றே நீட்டிய ஸ்கேல் வைத்துத்தான் அளப்போம். அங்கே ஓரத்திலிருந்து அளந்தால் மேஸ்திரி ஸ்கேலைப் பிடுங்கி வைத்துவிடுவார். ஓரம் இழைக்க இழைக்க மாறும், நடுக்கோடு மாறாது. கிடாரிலும் அதேதான். நெக், பிரிட்ஜ், ஒலித்துளை, பிரேஸ் (மேல்பலகையின் உள்ளே ஒட்டும் தாங்குகட்டை) எல்லாமே நடுக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும்.

9 ஜூன் 2023

டெம்ப்ளேட்டுக்கு எந்தத் தகடு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எம்டிஎஃப் மலிவு, வெட்டச் சுலபம், ஓரம் வழவழப்பாக வரும். ஆனால் ரூட்டர் (வேகமாகச் சுற்றும் பிட்டால் மரத்தைக் குடையும் மெஷின்) பிட்டில் டெம்ப்ளேட்டை ஒட்டி ஓடும் பேரிங் உருண்டு உருண்டு ஓரத்தில் தடம் விழும். ஓரம் முழுக்க மெல்லிய சூப்பர் குளூ ஊறவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் நன்றாகத் தாங்கும். பிளைவுட்டில் உள்ளே ஓட்டை இருக்கும், வெளியே தெரியாது, அந்த இடத்தில் பேரிங் இறங்கினால் கிடாரிலும் அதே பள்ளம் விழும். அக்ரிலிக்கில் அடியில் இருக்கும் மரத்தின் ரேகை தெரியும் என்பது பெரிய லாபம், டாப்புக்கு (மேல்பலகைக்கு) எந்த இடம் அழகு என்று நகர்த்திப் பார்த்து வைக்கலாம். ஆனால் பேரிங் இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டால் அக்ரிலிக் உருகி ஓரம் போய்விடும்.

என் தேர்வு ஹைலம் ஷீட். எலக்ட்ரிக்கல் பேனல் செய்பவர்கள் பயன்படுத்தும் அந்தப் பழுப்புத் தகடுதான். 6 மி.மீ. தடிமன் போதும். ஈரத்துக்கு அசையாது, பேரிங்குக்குத் தேயாது, அரத்தில் நன்றாகத் தேய்க்க வரும். அறுக்கும்போது நாற்றமும் தூசியும் அதிகம், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். பேனல் பட்டறைகளில் துண்டு மிஞ்சியிருக்கும், கேட்டால் எடை போட்டுக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் விற்கும் ட்ரிம்மர்களில் (சின்ன ரூட்டர்) சிலவற்றுக்கு 6 மி.மீ. கோலெட் (பிட்டின் காம்பைக் கவ்வும் உறை), சிலவற்றுக்குக் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கால் அங்குல பிட் 6 மி.மீ. கோலெட்டில் நுழையாது, அது பிரச்சினை இல்லை, உடனே தெரிந்துவிடும். ஆபத்து மறுபக்கம். 6 மி.மீ. பிட் கால் அங்குலக் கோலெட்டுக்குள் போய்விடும், இறுக்கினால் பிடித்தது போலவே இருக்கும், நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது மெல்ல வெளியே இறங்கி வரும். வெட்டு ஆழமாகும், இல்லாவிட்டால் பிட் பறக்கும். வாங்கும் கடையிலேயே வெர்னியர் வைத்துக் காம்பை அளந்துவிடுங்கள்.

10 ஜூன் 2023

ரூட்டர் திசை பற்றி: வெளி ஓரத்தை வெட்டும்போது மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் நகர்த்த வேண்டும். உள் ஓட்டையை வெட்டும்போது கடிகாரத் திசை. பிட் சுற்றும் திசையோடு போனால் மெஷின் கையை விட்டு ஓடும்.

ஆனால் கிடாரின் இடுப்பு வளைவில் ஒரு பக்கம் ரேகை ஏறும், மறுபக்கம் இறங்கும். சரியான திசையில் போனாலும் ரேகைக்கு எதிராக வரும் இடத்தில் சில்லு பெயரும். அதற்கு மருந்து டெம்ப்ளேட்டில் இல்லை, அதற்கு முந்தைய ரம்ப வேலையில் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே ஒரு மி.மீ., அதிகம் போனால் 2 மி.மீ. விட்டு அறுத்துவிட்டு, ரூட்டருக்கு அந்த மிச்சத்தை மட்டும் கொடுங்கள். எடுக்க வேண்டியது குறைவாக இருந்தால் பிட் மரத்தைப் பிய்க்காது.

25 ஜூன் 2023

ஃப்ரெட் பள்ளம். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஒரே ஒரு ஜிக் செய்வதென்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கணக்கு எளிது. ஸ்கேல் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பட்டை) முதல் ஃப்ரெட்டுக்கான தூரம். மிச்ச நீளத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் முதலிலிருந்து இரண்டாவதுக்கு. இப்படியே போனால் 12ஆவது ஃப்ரெட் சரியாகப் பாதியில் வந்து நிற்கும். 650 மி.மீ. ஸ்கேலில் முதல் ஃப்ரெட் 36.48 மி.மீ., 12ஆவது 325 மி.மீ. ஃபெண்டர் அளவான 25.5 அங்குலம் என்றால் 647.7 மி.மீ., முதல் ஃப்ரெட் 36.35.

பழைய காலத்தில் 17.817க்குப் பதில் 18 என்று வைத்துக்கொண்டார்கள். கலீலியோவின் தந்தை வின்சென்சோ கலீலி 16ஆம் நூற்றாண்டில் லூட் வாத்தியத்துக்குச் சொன்ன 18க்கு 17 என்ற விகிதம் இதுதான். காம்பஸை வைத்துக்கொண்டு போடச் சுலபம். ஆனால் 650 மி.மீ. ஸ்கேலில் அப்படிப் போட்டால் 12ஆவது ஃப்ரெட் 322.6இல் விழும், பாதிக்கு 2.4 மி.மீ. முன்னாலேயே. கம்பியை அழுத்தும்போது இழுவை கூடிச் சுரம் கொஞ்சம் ஏறுவதால், ஃப்ரெட் நட்டுப் பக்கம் தள்ளியிருப்பது அதை ஓரளவு ஈடுகட்டியது. அதனால்தான் அந்த விகிதம் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது.

இப்போது ஜிக். கணக்குப் போட்ட தூரங்களை ஸ்கேல் வைத்து ஃப்ரெட் ஃப்ரெட்டாக அளந்து குறிக்கக் கூடாது, சின்னச் சின்னப் பிசகு எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். எல்லாத் தூரமும் நட்டிலிருந்து ஒரே மூச்சில் அளக்க வேண்டும். அதைவிட நல்லது, லேசர் கட்டிங் பட்டறையில் ஒரு நீளப் பட்டை வெட்டி வாங்குவது. 2 மி.மீ. எஃகு அல்லது 3 மி.மீ. அக்ரிலிக்கில், ஒரு ஓரம் நெடுக ஒவ்வொரு ஃப்ரெட் இடத்திலும் சின்னக் காடி. இந்தப் பட்டையை ஃப்ரெட்போர்டின் அடியில் டபுள் டேப்பால் ஒட்டிவிடுங்கள். அறுக்கும் பெட்டியின் சுவரில் காடிக்குள் இறுக்கமாக உட்காரும் அளவில் ஒரு ஊசி. காடியில் ஊசி விழுந்ததும் போர்டு நகராது, ரம்பத்தை இழுத்தால் பள்ளம் சரியான இடத்தில் விழும். அடுத்த காடிக்கு நகர்த்து, அறு, அவ்வளவுதான்.

லேசர் எரித்து எடுக்கும் அகலம் காடியைப் பெரிதாக்கிவிடாதா என்று கேட்பார்கள். ஆக்கும். ஆனால் எல்லாக் காடியும் ஒரே அளவு பெரிதாகும், நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம் மாறாது. ஊசியை மட்டும் வெட்டிய காடிக்கு ஏற்ற தடிமனில் பார்த்துக்கொண்டால் போதும்.

ரம்பத்தின் வெட்டு அகலம் 0.6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். சாதாரண ரம்பம் அதைவிட அகலமாக அறுக்கும், ஃப்ரெட் கம்பியின் கால் பிடிக்காது. ரம்பத்தின் பல் விரிப்பைச் சாணைக்கல்லில் இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்துக் குறைக்கலாம். பொறுமை வேண்டும், தேய்த்துத் தேய்த்துக் கழிவு மரத்தில் அறுத்துப் பார்க்க வேண்டும்.

27 ஜூன் 2023

"அந்தக் காலத்து வீணை ஆசாரிகள் எந்த ஜிக் வைத்திருந்தார்கள்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி.

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். பித்தளை மெட்டுகளை மெழுகில்தான் பதிப்பார்கள், கரித்தூள் கலந்த மெழுகு. கம்பியை மீட்டிக் காதால் கேட்டு, மெட்டை இம்மியிம்மியாக நகர்த்தி, சுரம் சேர்ந்த இடத்தில் நிறுத்துவது. வருஷங்கள் கழித்து மெழுகு இளகினால் மறுபடி மேளம் கட்டலாம், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கு அமைக்கலாம். அங்கே காது செய்கிற வேலையை இங்கே காடிப்பட்டை செய்கிறது, ஏனென்றால் மரத்தில் அறுத்த பள்ளத்தை நகர்த்த முடியாது. ஜிக் எங்கே வேண்டும் என்று நான் முதல் நாள் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. வீணை ஆசாரியின் காது என்னிடம் இருந்தால்கூட கிடாருக்கு நான் பட்டையைத்தான் நம்புவேன்.

16 ஜூலை 2023

வளைவுகள். இரண்டு விதமான வளைவு இருக்கிறது, ஜிக்கும் இரண்டு விதம்.

முதலில் ஃப்ரெட்போர்டு. கிளாசிக்கலில் (நைலான் கம்பி கிடார்) தட்டை, வேலையே இல்லை. ஸ்டீல் கம்பி மார்ட்டினில் 16 அங்குல ஆரம், கிப்சனில் 12, பழைய ஃபெண்டரில் ஏழேகால், புதியவற்றில் ஒன்பதரை. கேட்க ஏதோ பெரிய வளைவு போல இருக்கும். 56 மி.மீ. அகலப் போர்டில் 12 அங்குல ஆரம் என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 1.3 மி.மீ. கூட இல்லை. 16 அங்குலத்துக்கு ஒரு மி.மீ.க்குக் கீழே. (அகலத்தை அகலத்தால் பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த உயரம் வரும். இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் பட்டறையில் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.)

இவ்வளவு குறைவான மரத்தை எடுக்க ரூட்டர் வண்டி வேண்டுமா? முதல் கிடாருக்கு வேண்டாம். இழைப்புளியால் நீளவாக்கில் ஓரங்களைச் சாய்த்துவிட்டு, வளைவான உப்புத்தாள் கட்டையால் தேய்த்து முடிக்கலாம். ஓரத்தில் பென்சில் கோடு போட்டு வைத்தால் எங்கே அதிகம் எடுக்கிறோம் என்று தெரியும்.

வண்டி செய்யத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. குவிந்த இரண்டு தண்டவாளத்தின் மேல் ரூட்டர் இடம் வலமாகப் போகிறது, பிட் கீழே தொங்குகிறது. அதனால் பிட் நுனி வரையும் ஆரம் தண்டவாள ஆரத்தைவிடக் குறைவு. ரூட்டர் உட்காரும் மட்டத்திலிருந்து பிட் நுனி 40 மி.மீ. கீழே இருந்தால், 12 அங்குல (304.8 மி.மீ.) போர்டுக்குத் தண்டவாளம் சுமார் 345 மி.மீ. ஆரத்தில் வேண்டும். தண்டவாளத்தையே 12 அங்குலத்தில் வெட்டினால் போர்டு பத்தரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தட்டையான அடித்தகடு குவிந்த வளைவின் மேல் ஆடும் என்பதால் இரு ஓரமும் கட்டை ஒட்டித் தாங்கல் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டையும் கணக்கைக் கொஞ்சம் அசைக்கும். கழிவு மரத்தில் வெட்டி, ஆர அட்டையை மேலே வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் நல்ல மரத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, டாப்பும் பேக்கும் (பின்பலகையும்). அக்கூஸ்டிக் கிடாரின் டாப் தட்டை மாதிரி தெரிந்தாலும் தட்டை இல்லை. பலர் டாப்புக்கு 25 அல்லது 28 அடி ஆரம், பேக்குக்கு 15 அடி ஆரம் வைக்கிறார்கள். அந்த ஆரத்தில் குழிந்த 2 அடி விட்டத் தட்டு ஒன்று செய்துகொண்டால், பிரேஸின் அடியைத் தேய்க்க, பிரேஸ் ஒட்ட, சைடு விளிம்பைத் தேய்க்க எல்லாவற்றுக்கும் அதே தட்டுதான். 15 அடித் தட்டில் நடுவில் சுமார் 10 மி.மீ. ஆழம், 28 அடித் தட்டில் ஐந்தரை மி.மீ.

செய்முறை: எம்டிஎஃப் வட்டத்தை நடுவில் ஒரு போல்ட்டில் சுழலவிடுங்கள். மேலே குழிந்த இரண்டு தண்டவாளம். ரூட்டர் அந்தக் குழிவில் ஒரு முறை போய் வரும், வட்டத்தைக் கொஞ்சம் திருப்பு, மறுபடி ஒரு முறை. ஒரு சுற்று முடியும்போது கோளத்தின் ஒரு துண்டு கிடைத்துவிடும். முன்னே சொன்ன 40 மி.மீ. கணக்கு இங்கேயும் உண்டு, ஆனால் 4572 மி.மீ. ஆரத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்றுதான்: தண்டவாளத்தின் அடிமட்டப் புள்ளி போல்ட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஒரு மி.மீ. விலகினாலும் நடுவில் ஒரு மொட்டு நிற்கும்.

18 ஜூலை 2023

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: 18 மி.மீ. எம்டிஎஃப்பில் 15 அடித் தட்டு செய்தால் நடுவில் 8 மி.மீ.தான் மிஞ்சும். பிரேஸ் ஒட்டும்போது எல்லா அழுத்தமும் அங்கேதான் இறங்கும். அடியில் இன்னொரு 18 மி.மீ. ஒட்டி இரட்டையாக வைத்துக்கொள்வது நல்லது. கனக்கும், பரவாயில்லை.

6 ஆகஸ்ட் 2023

சைடு வளைப்பது. கூடலூர்ப் பக்கத்து ஈட்டி மரத்தில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: ஈட்டி அருமையான மரம். உலகம் முழுக்க இந்தியன் ரோஸ்வுட் என்று கிடாருக்கு வாங்குவது இதைத்தான். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும் மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் இதற்கு மாறியது. ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்றே 1994இல் தனிச் சட்டம் வந்தது, அதன்படி சொந்தப் பட்டாவில் நின்ற மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாதிருந்தது. 2017 ஜனவரியிலிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்ப ஆவணம் வேண்டும் (முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு வந்தது). ரசீது இல்லாத ஈட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். பழைய வீடு இடித்த மரக்கடைகளில் உத்தரமும் கட்டில் காலும் ரசீதோடு கிடைக்கும், அதை மில்லில் அறுத்து வாங்கியது என்னிடம் இருக்கிறது. காய்ந்து முடிந்த மரம், சத்தமே வேறு.

வளைக்கும் முறை இரண்டு. சூடான குழாயில் கையால் வளைப்பது ஒன்று. அச்சின் மேல் எஃகுத் தகடு வைத்து, வெப்பப் போர்வை அல்லது குண்டு பல்புகளால் சூடாக்கி, திருகை இறக்கி வளைப்பது மற்றொன்று. இரண்டாவதை ஃபாக்ஸ் பெண்டர் என்பார்கள், சார்ல்ஸ் ஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கிடார் கைவினைஞரின் பெயரில். மரம் 2 மி.மீ.யிலிருந்து 2.3 வரை. சூடு 150 டிகிரி செல்சியஸ் அளவில். மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் அந்தச் சூட்டில் இளகும், ஆறும்போது மறுபடி இறுகும். தண்ணீர் தெளிப்பது சூடு உள்ளே இறங்கவும் மேல்தோல் கருகாமல் இருக்கவும்தான், ஊறப் போட்டால் ஈட்டியின் சாயம் இறங்கிக் கறை படியும்.

முதல் கிடாருக்குக் குழாயே போதும். இரண்டு அங்குல இரும்புக் குழாய், உள்ளே ஒரு ஹீட்டிங் ராட், மேலே தெர்மோஸ்டாட். இடுப்பில் தொடங்குங்கள், அங்கேதான் வளைவு கடுமை. மரம் விட்டுக்கொடுக்கிற கணத்தைக் கை உணரும். அந்த உணர்வை ஒரு முறையாவது கையால் தெரிந்துகொண்டு பிறகு ஃபாக்ஸுக்குப் போங்கள், அப்போது திருகை எவ்வளவு வேகத்தில் இறக்குவது என்று கை தானே சொல்லும். ஆறிய பின் கொஞ்சம் விரியும், அதற்குத்தான் மோல்டு. வளைத்ததை உடனே மோல்டுக்குள் கட்டி மறுநாள் வரை விட்டுவிடுங்கள்.

20 ஆகஸ்ட் 2023

பிரேஸ் ஒட்ட எத்தனை கிளாம்ப் வாங்குவது? ஒன்றும் வாங்க வேண்டாம். கோபார் தட்டி கட்டுங்கள். கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை, நான்கு மூலையிலும் திரெட் ராட். கீழ்ப் பலகையில் குழிந்த தட்டு, அதன் மேல் டாப், டாப்பின் மேல் பிரேஸ். பிரேஸுக்கும் மேல் பலகைக்கும் நடுவே, இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமான குச்சியை வில்லாக வளைத்துச் சொருகினால் அது பிரேஸை அழுத்திப் பிடிக்கும். வெளிநாட்டில் ஃபைபர் கிளாஸ் கம்பி விற்கிறார்கள். நமக்கு மூங்கில் இருக்கிறது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, கணுவைச் சீவி, ஒரே தடிமனுக்கு இழைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஜிக் இதுதான். காரணம் ஆய்லர் என்ற கணித மேதையின் கணக்கு. மெல்லிய குச்சி ஒரு முறை வளைய ஆரம்பித்துவிட்டால், அதற்கு மேல் கொஞ்சம் கூட வளைந்தாலும் குறைய வளைந்தாலும் அது கொடுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட மாறாது. ஆகவே பிரேஸ் உயரம் இடத்துக்கு இடம் வேறாக இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம். இறுக்குவதா தளர்த்துவதா என்ற யோசனையே இல்லை. ஆனால் தடிமன் விஷயத்தில் கவனம்: தடிமன் இரு மடங்கானால் அழுத்தம் எட்டு மடங்கு. நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு. அதனால் ஒரே மூங்கிலில் ஒரே கையில் எல்லாக் குச்சியையும் இழைத்துவிடுங்கள். குளியலறைத் தராசை அடியில் வைத்து ஒரு குச்சியைச் சொருகிப் பார்த்தால் எத்தனை கிலோ அழுத்துகிறது என்று நேரிலேயே தெரியும்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நழுவும் குச்சி முகத்துக்குத்தான் வரும்.

2 செப்டம்பர் 2023

முதல் நாள் "மூன்று போதும்" என்றதில் மோல்டையும் சேர்த்திருந்தேன். கிளாசிக்கல் செய்பவருக்கு அது பொருந்தாது என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்பானிய முறையில் வெளி மோல்டே கிடையாது. சோலெரா என்ற ஒரு வேலைப் பலகை, அதில் டாப்பின் குவிவுக்கு ஏற்ற குழி. டாப்பை முகம் கீழாக அதன் மேல் வைத்து, நெக்கை அதிலேயே பொருத்தி, நெக்கின் அடிக்கட்டையில் அறுத்த பள்ளங்களில் சைடைச் செருகி, கடைசியில் பேக்கை மூடுவார்கள். நெக் சாய்மானம், நடுக்கோடு, டாப் குவிவு மூன்றையும் ஒரே பலகை பார்த்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அல்மேரியாவின் அந்தோனியோ தெ தோரெஸ் இன்றைய கிளாசிக்கல் கிடாரின் உருவத்தை நிலைநிறுத்தியபோது கையில் மெஷின் எதுவும் இல்லை. அவர் 1862இல் சைடையும் பேக்கையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து ஒரு கிடாரே கட்டினார், சத்தத்துக்கு முதன்மை டாப்தான் என்று காட்ட. எவ்வளவு துணிச்சல்!

எனவே திருத்தம்: கிளாசிக்கலுக்கு சோலெரா, ஸ்டீல் கம்பிக்கு மோல்டு. இரண்டையும் செய்ய வேண்டியதில்லை.

22 அக்டோபர் 2023

மழை ஆரம்பித்துவிட்டது. பிரேஸ் ஒட்டும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஈரக்காற்றில் டாப் அகலவாக்கில் விரிந்திருக்கும், அப்போது பிரேஸ் ஒட்டினால் வெயில் காலத்தில் டாப் சுருங்க முயன்று, பிரேஸ் விடாமல் பிடித்து, நடுவில் வெடிப்பு விழும். ஈரப்பதம் 45லிருந்து 50 சதவீதம் இருக்கும் நாளில் ஒட்ட வேண்டும். கருவி மலிவுதான், ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். மழையில் செய்ய நெக் வேலை, ஜிக் வேலை நிறைய இருக்கிறது.

19 நவம்பர் 2023

பைண்டிங் (பாடியின் விளிம்பில் ஒட்டும் மெல்லிய பட்டை) பள்ளம். ட்ரிம்மரை பேக்கின் மேல் வைத்து ஓரத்தில் ஓட்டினால், பேக் குவிந்திருப்பதால் ட்ரிம்மரும் சாயும், பள்ளம் சைடோடு செங்குத்தாக விழாது. ட்ரிம்மர் எப்போதும் நேராக நிற்க வேண்டும், ஆனால் மேலும் கீழும் தாராளமாக நகர வேண்டும். இதற்குக் கடையில் விற்கும் ஜிக் விலை அதிகம். சமையலறை டிராயருக்குப் போடும் டெலஸ்கோபிக் சேனல் இரண்டை ஒரு கம்பத்தில் செங்குத்தாக அடித்து, அதில் ட்ரிம்மரை மாட்டுங்கள். எடையைத் தாங்க மேலே ஒரு கப்பி, மறுமுனையில் எடைக்கல், ட்ரிம்மர் விரல் தட்டினால் நகரும் அளவுக்கு. ட்ரிம்மரின் அடியில் பிட்டைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மட்டும் பேக்கைத் தொட வேண்டும். கிடாரை அதன் அடியில் நகர்த்துங்கள். சேனல் வாங்கும்போது முழுக்க இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேறு எடுங்கள்.

10 டிசம்பர் 2023

நெக்குக்கு டூப்ளிகேட்டர் வண்டி (ஒரு மாதிரி நெக்கைத் தடவி அதே வடிவத்தை வெட்டும் ஜிக்) செய்ய வரைபடம் கேட்டு மூன்று பேர் எழுதியாயிற்று. தர மாட்டேன் என்று இல்லை, வேண்டாம் என்கிறேன்.

நெக்கில் ஜிக் வேண்டிய இடம் இரண்டு. ஒன்று ட்ரஸ் ராட் (நெக் வளையாமல் தாங்க உள்ளே வைக்கும் எஃகுக் கம்பி) பள்ளம், நடுக்கோட்டில் நேராக. நெக் கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே, இரு பக்கமும் வேலி வைத்து அறுத்துவிட வேண்டும், வடிவம் செதுக்கிய பின் பிடிக்க இடம் இருக்காது. இரண்டாவது, தலைப்பகுதிச் சாய்வு ஒட்டு. கட்டையைச் சாய்வாக அறுத்து, புரட்டி ஒட்டும் முறை. 15 டிகிரியில் 18 மி.மீ. கட்டை என்றால் ஒட்டும் முகம் 70 மி.மீ. நீளம் வரும். அறுத்த இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அதே சாய்வில் ஒரு மேடையில் கட்டி, இரண்டையும் சேர்த்து இழைத்தால் முகங்கள் ஒத்துப்போகும். ஒட்டும்போது வழுக்கும், முதலில் ஒரு சின்னக் குச்சி ஆணி அடித்து நிறுத்துங்கள்.

பின்பக்க வளைவு? அதைக் கையிலேயே விடுங்கள். முதல் ஃப்ரெட்டிலும் பத்தாவது ஃப்ரெட்டிலும் வேண்டிய குறுக்கு வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, அந்த இரண்டு இடத்தை முதலில் அரத்தால் சரியாகக் கொண்டுவந்துவிட்டு, நடுவை நேர்கோட்டில் இணைத்துவிடுங்கள். வாசிப்பவரின் உள்ளங்கை தொடும் இடம் அது. செதுக்கும்போது நடுநடுவே கண்ணை மூடிப் பிடித்துப் பாருங்கள், கட்டைவிரல் இடறினால் அங்கே இன்னும் மரம் இருக்கிறது. மெஷின் கொடுக்கும் வளைவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கென்று ஒரு கிடார் செய்யும்போது, உங்கள் கைக்கு அளவெடுத்த நெக்கை விட்டுக்கொடுப்பது எனக்கு மனசு கேட்கவில்லை.

எலக்ட்ரிக் செய்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அங்கே கதை வேறு. 1950இல் ஃபெண்டர் கொண்டுவந்த தட்டைப் பலகை பாடி, போல்ட்டில் மாட்டும் நெக் என்ற அமைப்பே டெம்ப்ளேட்டுக்கும் ரூட்டருக்கும் தோதானது. அதற்கு நெக் பாக்கெட் (பாடியில் நெக் உட்காரும் குழி) டெம்ப்ளேட் ஒன்றைத் துல்லியமாகச் செய்தால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

7 ஜனவரி 2024

கடைசியாக சாடில் பள்ளம், பிறகு இடது கைக்காரர் கேட்டதற்குப் பதில்.

ஸ்டீல் கம்பி கிடாரில் சாடில் சாய்ந்திருக்கும், பேஸ் பக்கம் சுமார் 3 மி.மீ. பின்னால். தடித்த கம்பியை அழுத்தும்போது சுரம் அதிகம் ஏறும் என்பதால் அதற்கு நீளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பள்ளம் 3 மி.மீ. அகலம் என்றால் அதே விட்டத்தில் பிட், ரூட்டர் போக இரண்டு தண்டவாளம், இரு முனையிலும் நிறுத்தக் கட்டை. ஆழத்தை ஒரே முறையில் இறக்காமல் ஒவ்வொரு மி.மீ.யாக இறக்குங்கள், மெல்லிய பிட் வளைந்தால் பள்ளச் சுவர் சாய்ந்துவிடும். நான் பிரிட்ஜை ஒட்டிய பிறகுதான் இதை வெட்டுகிறேன். ஒட்டும்போது பிரிட்ஜ் இம்மியளவு நகர்ந்திருந்தாலும் நட்டிலிருந்து நேராக அளந்து பள்ளத்தை அங்கே போடலாம்.

இடது கைக் கிடாருக்கு: மோல்டு, குழிந்த தட்டு, ஃப்ரெட் பட்டை, நெக் ஜிக் எதுவும் மாறாது. கட்-அவே (ஒரு பக்கத் தோள் வெட்டிய) பாடி என்றால் டெம்ப்ளேட்டைப் புரட்டினால் போதும். முக்கியமாக மாற வேண்டியது மூன்று. டாப்பின் உள்ளே இருக்கும் எக்ஸ் பிரேஸில் கீழே வரும் இரண்டு சாய்வு பிரேஸும் கண்ணாடியில் பார்ப்பது போல் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஃப்ரெட் இடம் காட்டும் பக்கப் புள்ளிகள் நெக்கின் மறு ஓரத்துக்கு. சாடில் சாய்வு எதிர்த்திசையில், அதனால் சாடில் ஜிக்கின் தண்டவாளத்தை நிரந்தரமாக ஒட்டிவிடாமல் போல்ட்டும் நீளத் துளையும் வைத்து மாட்டுங்கள், இரண்டு பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். வலது கை கிடாரை வாங்கிக் கம்பியை மட்டும் மாற்றிப் போட்டவர்கள் சுரம் சேரவில்லை என்று கொண்டுவருவது பெரும்பாலும் இந்தச் சாய்வால்தான்.